முத்துக்குளித்துறைக் கடிதங்கள்: வாசகரைச் செயலுக்கு நகர்த்தும் எழுத்தின் அமைப்பு

முத்துக்குளித்துறைக் கடிதங்கள் என இங்குக் குறிக்கப்படுபவை, இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் (1506–1552) தென்பாண்டிக் கடற்கரையில் பணியாற்றியபோதும் அதன் பின்னரும் அக்கரையைப் பற்றி எழுதிய கடிதங்கள். இவை பெரும்பாலும் சமய வரலாற்றுக்கான சான்றுகளாகவே படிக்கப்பட்டுள்ளன. படிப்பவரை ஒரு செயலைச் செய்யத் தூண்டும் உரைநடைக்கு எடுத்துக்காட்டுகளாகவும் இவற்றைப் படிக்க முடியும். இக்கட்டுரை அந்த நோக்கில் நான்கு கடிதங்களை ஆராய்கிறது. அவை எதை முதலில் சொல்கின்றன, கோரிக்கையை எங்கே வைக்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பவையே ஆய்வின் கேள்விகள்.

களம்

கன்னியாகுமரி முதல் வேம்பார் வரையிலான கடற்கரை முத்துக்குளித்துறை எனப்பட்டது. மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பார் ஆகியவை இக்கரையின் ஊர்கள். தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு செல்லும் வழியில் உள்ள தருவைகுளமும் இக்கரையைச் சேர்ந்த மீனவ ஊரே.

1530-களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் பூசல் இருந்தது. போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். சவேரியார் 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்தபோது மக்கள் ஏற்கெனவே பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தனர். அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை என்பதே அவர் கண்ட நிலை. அவர் எழுதிய கடிதங்களின் மையமும் அந்த ஆள் பற்றாக்குறையே.

கடித மரபு

இடைக்கால ஐரோப்பாவில் கடிதம் எழுதுவது தனிக் கலையாகக் கற்பிக்கப்பட்டது. விளி, நல்லெண்ணம் பெறுதல், நிகழ்ச்சி விவரம், கோரிக்கை, முடிப்பு என ஐந்து உறுப்புகள் கடிதத்துக்கு வகுக்கப்பட்டிருந்தன. சவேரியார் பாரிஸில் புனித பார்பரா கல்லூரியில் பயின்று, பின்பு போவே கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய நீண்ட கடிதங்களில் இந்த ஐந்து உறுப்புகளும் தெளிவாகத் தெரிகின்றன.

இயேசு சபைக்கென ஒரு கடித ஒழுங்கும் இருந்தது. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1542 டிசம்பரில் பியர் ஃபாவர் என்ற தோழருக்கு எழுதிய கடிதத்தில் அதை விளக்கினார். மற்றவர்களிடம் காட்டத்தக்க, படிப்பவருக்கு ஊக்கம் தரும் செய்திகளை முதன்மைக் கடிதத்தில் எழுத வேண்டும். சிக்கல்கள், தனிப்பட்ட செய்திகள், வெளியே காட்டக் கூடாதவை ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். முதன்மைக் கடிதத்தை ஒரு முறை எழுதிப் பார்த்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். முத்துக்குளித்துறைக் கடிதங்களின் பலத்தையும் குறையையும் அறிய இந்த ஏற்பாட்டை நினைவில் வைப்பது அவசியம்.

1544 ஜனவரிக் கடிதத்தின் அமைப்பு

1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமிலிருந்த தோழர்களுக்குச் சவேரியார் எழுதிய கடிதமே இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. ஆண்டுக்கு ஒரு முறை போர்த்துக்கலுக்குப் புறப்படும் கப்பல்களில் செல்ல வேண்டிய கடிதம் அது. மறுமொழி வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டிய நெருக்கடி எழுதியவருக்கு இருந்தது.

கடிதம் பிரிவின் ஏக்கத்தோடு தொடங்குகிறது. இந்தியா வந்தபின் தோழர்களிடமிருந்து தமக்கு ஒரே ஒரு கடிதம்தான் வந்தது என்கிறார். படிப்பவர் மனம் இங்கேயே நெருங்கி வருகிறது. அடுத்து மொழிச் சிக்கல் வருகிறது. மக்களின் மொழி தமிழ். அவருடைய தாய்மொழி பாஸ்க். இரு தரப்பு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருவில் இறங்கிச் சிறுவர்களையும் பெரியவர்களையும் திரட்டியதாக விவரிக்கிறார். கற்ற சிறுவர்கள் வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் எல்லாரும் கூடுகிறார்கள். நோயாளிகளின் வீடுகளுக்குத் தம்மால் போக முடியாதபோது சிறுவர்களை அனுப்புகிறார். எழுதத் தெரிந்தவர்கள் மன்றாட்டுகளைப் படியெடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்.

இதுவரை கடிதம் எதையும் கேட்கவில்லை. ஆனால் ஒரு முக்கியமான வேலை முடிந்துவிட்டது. மொழி தெரியாத ஒருவர், ஒரு மணியையும் சில மனப்பாட வரிகளையும் கொண்டு செய்யக்கூடிய வேலைதான் இது என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. 'என்னால் முடியுமா?' என்ற கேள்விக்கு, அக்கேள்வி எழும் முன்பே விடை கிடைக்கிறது.

இதன் பிறகே கோரிக்கை வருகிறது. கற்பிக்க ஆளில்லாததால் பலர் கிறிஸ்தவராகாமல் போகிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் குறையைச் சொல்லிவிட்டு, நேராக ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்புகிறார். அங்கே போய், குறிப்பாகப் பாரிஸில், பித்தனைப் போலக் கூவ வேண்டும் என்று தமக்குப் பலமுறை தோன்றியதாக எழுதுகிறார். அறிவைத் தேடும் அளவுக்கு அதன் பயனைப் பிறருக்குத் தர முனையாதவர்கள், பதவிக்காகப் படித்துவிட்டுப் பிறகு கடவுளுக்குப் பணி செய்யலாம் எனத் தள்ளிப்போடுபவர்கள் ஆகியோரே அவருடைய இலக்கு. படிப்பவர் தம்மைத் தாமே அடையாளம் கண்டுகொள்ளும் பகுதி இது. ஒரு காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் பதவிக் கனவோடு இருந்தவர் எழுதுவதால் இந்தக் கண்டிப்புக்குத் தகுதியும் கூடுகிறது.

கோரிக்கைக்கு அடுத்து அவர் வைப்பது உடல் சார்ந்த ஒரு விவரம். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்துபோகின்றன. மன்றாட்டுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் கம்மிவிடுகிறது என்கிறார். இந்த விவரம் கோரிக்கைக்கு முன் வந்திருந்தால் தற்பெருமையாகவோ புலம்பலாகவோ ஒலித்திருக்கும். பின்னால் வருவதால், இன்னும் இரண்டு கைகள் வேண்டும் என்ற பொருளைத் தருகிறது. கோரிக்கையைக் கடிதத்தின் நடுவில் வைத்து, அதன் இரு புறமும் கண்ணால் கண்ட விவரங்களை நிறுத்தியதே இக்கடிதத்தின் அமைப்பு நுட்பம்.

ஆற்றுப்படையோடு ஓர் ஒப்பீடு

பிறரைச் செயலுக்குத் தூண்டும் எழுத்துக்குத் தமிழில் பழைய இலக்கிய வகையே உண்டு. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞரை வழியில் கண்டு, தாம் பெற்றதைச் சொல்லி அதே வள்ளலிடம் செல்ல வழிகாட்டுவது ஆற்றுப்படை என்று தொல்காப்பியம் விளக்குகிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆற்றுப்படையின் பலம் மூன்று கூறுகளில் உள்ளது. முதலாவது, சொல்பவரும் கேட்பவரும் ஒரே நிலையினர். நேற்று வரை சொல்பவரும் பசித்திருந்தவர். இரண்டாவது, வழி விரிவாகச் சொல்லப்படுகிறது. நல்லியக்கோடனிடம் பாணனை அனுப்பும் சிறுபாணாற்றுப்படை, இடையிலுள்ள ஊர்களில் யார் வரவேற்பார்கள், என்ன உணவு தருவார்கள் என்பது வரை சொல்கிறது. மூன்றாவது, போய்ச் சேர்ந்தால் கிடைக்கும் பயன் உறுதியாகக் காட்டப்படுகிறது.

சவேரியாரின் கடிதத்தில் முதல் இரண்டு கூறுகளும் உள்ளன. அவரும் பாரிஸ் மாணவராக இருந்தவர்; செய்ய வேண்டிய வேலையையும் படிப்படியாகக் காட்டுகிறார். மூன்றாவது கூறு திசை மாறியிருக்கிறது. ஆற்றுப்படை கேட்பவரின் பசியிலிருந்து தொடங்குகிறது. சவேரியாரின் கடிதம் தொலைவிலுள்ள பிறரின் தேவையிலிருந்து தொடங்குகிறது. தனக்குப் பயன் தரும் செயலுக்கு ஒருவரை அழைப்பது எளிது. பிறருக்குப் பயன் தரும் செயலுக்கு அழைப்பவர், அந்தப் பிறரைப் படிப்பவரின் கண்முன் நிறுத்தியாக வேண்டும். மணியோசையும் சிறுவர் கூட்டமும் ஓய்ந்த கைகளும் கடிதத்தில் இவ்வளவு இடம் பெறுவதன் காரணம் இதுவே.

விளைவு

இக்கடிதம் ஐரோப்பாவில் பல படிகளாகப் பரவியது. 1545-இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் அச்சிடப்பட்டது. மயோர்க்கா தீவைச் சேர்ந்த ஜெரோனிமோ நடால் பாரிஸில் இஞ்ஞாசியாரை நேரில் அறிந்திருந்தும் அவருடைய அழைப்பை ஏற்காமல் ஊர் திரும்பியவர். 1545-இல் சவேரியாரின் கடிதப் படி ஒன்று அவர் கைக்கு வந்தது. அவர் ரோமுக்குப் புறப்பட்டு அந்த ஆண்டிலேயே சபையில் சேர்ந்தார். பின்னாளில் சபையின் சட்டங்களை ஐரோப்பா முழுவதும் விளக்கிச் சொல்லும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. நேர்முக அழைப்பு செய்யாததை ஒரு கடிதம் செய்தது. ஆயினும் நடால் முத்துக்குளித்துறைக்கு வரவில்லை. கடிதம் கேட்ட செயலும் அது விளைவித்த செயலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் அவரே சான்று.

அருகிலிருப்பவருக்கு எழுதியவை

1544 பிப்ரவரி முதல் சவேரியார் கரையின் ஓர் ஊரிலும் அவருடைய உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் வேறோர் ஊரிலும் இருந்தனர். அப்போது மான்சிலாஸுக்குச் சென்ற குறுங்கடிதங்கள் வேறொரு வகையானவை. அவ்வாண்டு வடுகர் படையின் தாக்குதலால் தூத்துக்குடி மக்கள் கடலிலுள்ள தீவுகளில் தஞ்சம் புகுந்தனர். செப்டம்பர்த் தொடக்கத்தில் ஆலந்தலையிலிருந்து சவேரியார் எழுதிய கடிதம் இந்த நெருக்கடியைப் பற்றியது. புன்னைக்காயலிலுள்ள தோணிகளைத் திரட்டித் தண்ணீர் ஏற்றிக்கொண்டு உடனே புறப்பட வேண்டும் என்பதே செய்தி. பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த் தலைவர்களுக்கும் இதே போல எழுதுவதாகச் சொல்கிறார்.

ஜனவரிக் கடிதத்தின் ஏற்பாடுகள் எவையும் இதில் இல்லை. நல்லெண்ணம் பெறும் முன்னுரை, தம் உழைப்பின் விவரம், கண்டிப்பு ஆகிய மூன்றும் விடுபட்டுள்ளன. யார், எந்தத் தோணி, என்ன சுமை, எங்கே, எப்போது என்ற ஐந்து மட்டுமே உள்ளன. மான்சிலாஸுக்கு இக்கரை தெரியும். தாகத்தால் வாடும் தீவு என்றால் என்ன என்பதும் தெரியும். நம்பவைக்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில் நம்பவைக்கும் எழுத்து காலத்தை வீணாக்கும். வாசகர் எவ்வளவு தொலைவில் இருக்கிறாரோ அவ்வளவு விவரம் வேண்டும். எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவு துல்லியமான ஏவல் வேண்டும். ஒரே ஆண்டில் ஒருவரே எழுதிய இவ்விரு கடிதங்களையும் அருகருகே வைத்தால் இந்த விதி தெளிவாகிறது.

மன்னருக்கு எழுதியது

1548 ஜனவரியில் போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரின் அணுகுமுறை மீண்டும் மாறுகிறது. இந்தியாவில் கிறிஸ்தவத்தைப் பரப்புவதை ஆளுநர்களின் பொறுப்பாக்க வேண்டும். தவறும் ஆளுநரின் சொத்தைப் பறித்துச் சிறையிலடைப்பதாக மன்னர் ஆணையிட்டு அறிவிக்க வேண்டும் என்கிறார். இங்கே மனமாற்றத்துக்குப் பதிலாகத் தண்டனை பற்றிய அச்சத்தைச் செயலின் ஊற்றாக்கப் பார்க்கிறார்.

அமைப்பு என்ற அளவில் இது தெளிவான கடிதம். செய்யும் அதிகாரம் உள்ளவரிடம், அவரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறது. ஆனால் நடால் ஒரு கடிதத்தைப் படித்துத் தாமே புறப்பட்டதும், ஓர் ஆளுநர் சிறைக்கு அஞ்சிச் செயல்படுவதும் ஒன்றாகா. பணி செய்யும் விருப்பத்தை எழுப்ப வேண்டிய இடத்தில் கட்டாயத்தைக் கோருவதால், முந்தைய கடிதங்கள் ஈட்டிய அறத்தகுதியை இக்கடிதம் இழக்கிறது. இதன் சுமை இறுதியில் யார் மீது விழும் என்ற கேள்வியும் கடிதத்தில் எழவில்லை. ஆளுநரின் அச்சம் கரையோர மக்களின் மீதான நெருக்கடியாக மாறக்கூடும்.

தனித்தாளில் நின்றவை

ஜனவரிக் கடிதம் சொல்லும் வெற்றிகளில் முதன்மையானது, ஊர் ஊராக மக்கள் விசுவாச அறிக்கையைத் தமிழில் ஒப்புவிக்கிறார்கள் என்பது. அதே 1544-இல், சில மாதங்களுக்குப் பின், மான்சிலாஸுக்கு எழுதிய குறுங்கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்று சொல்லப்படும் இடத்தில் 'விசுவசிக்கிறேன்' என்ற பொருள் தரும் சொல்லைச் சொல்ல வேண்டும். முன்னது விரும்புவதைக் குறிக்கும், நம்புவதைக் குறிக்காது என்று சவேரியார் அறிவிக்கிறார்.

அதாவது, ஐரோப்பாவை உலுக்கிய கடிதத்தில் இடம்பெற்ற கூட்டு ஒப்புவிப்பில், மையமான வினைச்சொல்லே பிழையாக இருந்திருக்கிறது. மக்கள் 'நம்புகிறேன்' என்று சொல்வதாகப் பாரிஸ் வாசகர் எண்ணினார். கரையில் ஒலித்தது 'எனக்கு வேணும்' என்பது. பிழையைக் கண்டதும் திருத்தியது சவேரியாரின் நேர்மையைக் காட்டுகிறது. ஆனால் திருத்தம் சென்றது உடன்பணியாளருக்கு. அழைப்பு சென்றது உலகத்துக்கு. இந்தக் கரையின் மொழியை முறையாகக் கற்று, இலக்கணம் எழுதி, மொழிபெயர்ப்புகளைச் செப்பம் செய்யும் பணி பின்னால் வந்த அன்றீக் அடிகளாருக்கு விடப்பட்டது. அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது.

ஜனவரிக் கடிதம் விட்டுவிட்டவை இன்னும் உண்டு. முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையும் பாதுகாப்புத் தேவையும் மக்களின் சமய மாற்றத்தில் வகித்த இடம் அதன் வாதத்துக்குள் வரவில்லை. பிராமணர்களைப் பற்றிய பகுதி முழுவதும் கடும் பழிப்பாக அமைந்திருக்கிறது. பரதவர் எவரும் தம் குரலில் பேசவில்லை. அவர்கள் கற்கிறார்கள், ஒப்புவிக்கிறார்கள், கூடுகிறார்கள். என்ன கேட்டார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

இவ்விடுபடல்களைப் பொய் என்று சொல்ல முடியாது. செயலைத் தூண்டும் எழுத்து தேர்ந்தெடுத்தே சொல்லும். இருப்பினும் தேர்வின் அளவு முக்கியம். தனித்தாளில் இருப்பது முதன்மைக் கடிதத்தை வலுவிழக்கச் செய்யும் என்றால் முதன்மைக் கடிதம் குறைபாடுடையது. மொழியறிவின்றி இங்கு எதுவும் நிலைக்காது என்பதை அந்தக் கடிதமே சொல்லியிருந்தால் கூவலின் உரப்பு சற்றுக் குறைந்திருக்கலாம். புறப்படுபவர் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

தருவைகுளம்: கரையிலிருந்து எழுதப்படும் மனு

அன்று கடிதங்களின் பொருளாக மட்டும் இருந்த கரை மக்கள் இன்று தாமே எழுதுகிறார்கள். தருவைகுளத்தின் விசைப்படகுகள் பல நாள் தங்கி ஆழ்கடலில் மீன்பிடிப்பவை. 2023 அக்டோபரில் இவ்வூர்ப் படகு ஒன்று 12 மீனவர்களோடு மாலத்தீவுக் கடலோரக் காவல்படையிடம் பிடிபட்டது. 2024 ஆகஸ்டில் இரு படகுகளோடு 22 மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டனர். இத்தகைய வேளைகளில் குடும்பத்தினரும் சங்கத்தினரும் கையில் எடுப்பது மனு. சிறையிலிருப்பவர் எப்போது வீடு திரும்புவார் என்பது ஓரளவுக்கு அந்தத் தாளையும் சார்ந்தது.

மேற்கண்ட கடிதங்களிலிருந்து இத்தகைய மனுவுக்குப் பொருந்தும் விதிகள் மூன்று. முதல் விதி கோரிக்கையின் துல்லியம். 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்பது பெரும்பாலான மனுக்களின் முடிவு. எந்த நடவடிக்கை, யாருடையது என்பது அதில் இல்லை. மாவட்ட ஆட்சியரால் வெளிநாட்டுச் சிறைக் கதவைத் திறக்க முடியாது. அரசுக்கு அறிக்கை அனுப்பவும், சிறையிலுள்ள மீனவரின் குடும்பத்துக்கு மாநில அரசு வழங்கும் தினசரி உதவித்தொகை கிடைக்கச் செய்யவும் முடியும். சட்ட உதவிக்கும் தூதரகப் பேச்சுக்கும் ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தை அணுக வேண்டும். தோணியையும் தண்ணீரையும் பெயர் சொல்லிக் கேட்ட ஆலந்தலைக் கடிதம் போல, ஒவ்வொரு பெறுநரிடமும் அவரால் முடிந்ததைக் கேட்கும் தனித்தனி மனுக்கள் தேவை.

இரண்டாம் விதி வரிசை. துன்பத்தை இரண்டு பக்கம் எழுதிக் கடைசி வரியில் கோரிக்கையை வைத்தால், அலுவலர் அதைத் தேட வேண்டியிருக்கும். கோரிக்கையை முன்பகுதியிலேயே சொல்லி, படகின் பதிவு எண், புறப்பட்ட நாள், பிடிபட்ட நாள், வழக்கு நடக்கும் நீதிமன்றம் ஆகியவற்றைத் தொடர்ந்து தந்து, அதன்பின் வீட்டின் நிலையைச் சொல்லலாம். ஓய்ந்த கைகள் கோரிக்கைக்குப் பின் வந்தது போல, குழந்தையின் பள்ளிக் கட்டணமும் படகின் கடனும் பின்னால் வரும்போது கனம் கூடுகிறது.

மூன்றாம் விதி தனித்தாள் பற்றியது. படகு எல்லையைத் தாண்டியதா என்பது எந்த அலுவலரும் முதலில் கேட்கும் கேள்வி. இயந்திரப் பழுது, காற்று, நீரோட்டம் என எது காரணமோ அதை மனுவே சொல்லிவிட வேண்டும். மறைத்த செய்தி எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வரும்போது மனுவின் மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும்.

மதிப்பீடு

முத்துக்குளித்துறைக் கடிதங்கள், செயலைக் கோரும் எழுத்தில் உணர்ச்சியைவிட வரிசை வலியது என்பதைக் காட்டுகின்றன. செய்யக்கூடிய வேலை என்று முதலில் காட்டுவது, குறையை ஒரே வாக்கியத்தில் சொல்வது, படிப்பவரின் சொந்த நிலையைத் தொடுவது, உடலால் உணரத்தக்க ஒரு விவரத்தால் அதை உறுதிசெய்வது என்பது ஜனவரிக் கடிதத்தின் வரிசை. வாசகர் மாறும்போது இவ்வரிசையைக் கைவிடும் துணிவும் இக்கடிதங்களில் உள்ளது. அச்சத்தைக் கருவியாக்கும் இடத்தில் அவை தாழ்கின்றன.

அவற்றின் பெரிய குறை, யாருக்காக எழுதப்பட்டனவோ அவர்களின் சொல்லுக்கு இடம் தராமையே. 'எனக்கு வேணும்' என்று அந்த மக்கள் நாள்தோறும் கூடிச் சொன்னது மொழிபெயர்ப்புப் பிழையாக மட்டுமே பதிவாகியுள்ளது. அவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்ட கடிதம் இவற்றுள் இல்லை. அந்தக் கேள்விக்கான விடையைத் தருவைகுளத்தில் எழுதப்படும் ஒவ்வொரு நல்ல மனுவும் இன்று தன் முதல் பத்தியிலேயே சொல்லிவிட முடியும்.